விழுந்த கணக்கு: சிமுலேட்டரில் ஹெலிகாப்டர் பழகிய அனுபவம்

மூன்று ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பள்ளத்தூருக்கு வெளியே வற்றிக் கிடந்த கண்மாயின் நடுவில் என் ரேடியோ கட்டுப்பாட்டு ஹெலிகாப்டரை முதன்முதலாக மேலே எழுப்பினேன். மதுரையில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் பழையதாக வாங்கியது அது. 450 வகை என்று இந்தப் பழக்கம் உள்ளவர்கள் சொல்லும் சிறிய ஹெலிகாப்டர். மேலே சுழலும் பிளேடு ஒவ்வொன்றும் 325 மில்லிமீட்டர் நீளம், மூன்று செல் லிப்போ பேட்டரி. இடுப்பளவு உயரத்தில் சில விநாடிகள் நின்றது. பிறகு வால் மெல்லச் சுற்றி, மூக்கு என் பக்கம் திரும்பியது. அது வலப்பக்கம் நகர்வதைக் கண்டு நான் ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ள, அது முன்னிலும் வேகமாக வலப்பக்கமே ஓடி, கரையோரத்துச் சீமைக்கருவேலம் புதருக்குள் புகுந்தது. எழும்பியதிலிருந்து விழுந்தது வரை பன்னிரண்டு விநாடிகூட ஆகியிருக்காது.

காரைக்குடியில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுவது என் தொழில். ஆகவே அன்று மாலையே செலவைக் குறித்துவைத்தேன்: பிளேடு ஒரு ஜோடி ₹1,350, மெயின் ஷாஃப்ட் ₹280, ஸ்பிண்டில் ₹320, வால் குழாய் ₹450, மெயின் கியர் ₹350, கூரியர் ₹150. ஆக ₹2,900. பாகங்கள் சென்னையிலிருந்து வந்துசேர ஒன்பது நாள் ஆயிற்று. அவற்றைப் பூட்டி, பிளேடுகளின் கோணத்தை மாற்றும் தட்டான ஸ்வாஷ்பிளேட்டைச் சமப்படுத்தி, பழைய நிலைக்குக் கொண்டுவர மேலும் இரண்டு ஞாயிறு போயிற்று. மதுரை நண்பர் என்னைவிட இளையவர். தொலைபேசியில் சிரித்துவிட்டு, "சிமுலேட்டர்ல கை பழகாம யாருண்ணே வெளிய எடுப்பா?" என்று கேட்டார். வாங்கும்போதும் அவர் இதைச் சொல்லித்தான் இருந்தார். கணினி விளையாட்டு சின்னப்பிள்ளைகளுக்கு என்று நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சிமுலேட்டர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி. நாம் மைதானத்தில் கையில் பிடிக்கும் அதே ரேடியோவைக் கணினியோடு இணைத்து, திரையில் தெரியும் ஹெலிகாப்டரை அதன் ஸ்டிக்குகளால் பறக்கவைக்கும் மென்பொருள். ரியல்ஃபிளைட்டில் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் சேர்ந்திருக்கும். நெக்ஸ்ட், ஹெலி-எக்ஸ் போன்றவை ஹெலிகாப்டரையே முதன்மையாகக் கொண்டவை. எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், உங்கள் கணினியில் திக்காமல் ஓடுவது எதுவோ அது என்பதுதான். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஸ்டிக்கை அசைத்த நொடிக்கும் திரையில் ஹெலிகாப்டர் அசையும் நொடிக்கும் இடையே கண்ணுக்குத் தெரிகிற தாமதம் இருந்தால், விரல் தப்பான பாடத்தைப் படித்துக்கொள்ளும். நான் முதலில் பட்டாலையில் இருக்கும் பெரிய தொலைக்காட்சியில் இணைத்துவிட்டு, ஹெலிகாப்டர் ஏன் இப்படி மந்தமாக இருக்கிறது என்று ஒரு வாரம் குழம்பினேன். தொலைக்காட்சி படத்தை மெருகேற்றுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம்தான் காரணம். அதில் 'கேம் மோடு' என்று இருப்பதை இயக்கியதும் தாமதம் வெகுவாகக் குறைந்தது.

ரேடியோவை இணைத்த விதத்திலும் ஒரு பிழை செய்தேன். புதியவர்கள் பலர் இதே இடத்தில் தடுமாறுவதைப் பிறகு பார்த்தேன். இப்போது வரும் ரேடியோக்கள் பலவற்றை யுஎஸ்பி கம்பியில் நேராகக் கணினியோடு இணைக்கலாம். பழையவற்றுக்குப் பயிற்சித் துளை (ட்ரெய்னர் போர்ட்) வழியாக டாங்கிள் என்ற சிறு இணைப்புக் கருவி வேண்டும். இணைத்தவுடன், மைதானத்துக்கென்று வைத்திருந்த மாடல் அமைப்பை அப்படியே பயன்படுத்தினேன். அதில் ஸ்வாஷ்பிளேட்டை அசைக்கும் சிறு மோட்டார்களான மூன்று சர்வோக்களையும் கலந்து இயக்கும் ஸ்வாஷ்பிளேட் கலவை இருந்தது. சிமுலேட்டரும் அதே கலவையைத் தன் உள்ளே ஒரு முறை செய்தது. விளைவாக, பிளேடுகள் எல்லாவற்றின் கோணத்தையும் ஒருசேர மாற்றி உயரத்தை ஏற்றி இறக்கும் கலெக்டிவை ஏற்றினால் ஹெலிகாப்டர் சாய்ந்துகொண்டே எழும்பியது. சிமுலேட்டருக்கென்று ரேடியோவில் தனியாக ஒரு வெற்று மாடல் திறந்து, கலவையும் மோட்டார் வேகத்தை வகுக்கும் திராட்டில் வளைவும் இல்லாமல், இரண்டு ஸ்டிக்குகளின் நான்கு அசைவுகளும் இரண்டு சுவிட்சுகளும் மட்டும் போகும்படி செய்த பிறகுதான், ஸ்டிக்கின் அசைவைச் சிமுலேட்டரோடு பொருத்தும் அளவு திருத்தம் சரியாக அமைந்தது. கணினி விளையாட்டுக்கான கேம்பேடில் பழகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அதன் இடக்கை ஸ்டிக் விட்டதும் நடுவுக்குத் துள்ளி வந்துவிடும். ஹெலிகாப்டர் ரேடியோவின் கலெக்டிவ் ஸ்டிக் வைத்த இடத்தில் நிற்கும். அந்த ஒரு வேறுபாடே பழகிய அத்தனையையும் வீணாக்கப் போதும்.

இவ்வளவும் சரிசெய்து, ஏறத்தாழ நாள்தோறும் இரவு ஒரு மணி நேரம் என்று மூன்று வாரம் பழகினேன். பதினெட்டு மணி நேரம் ஆயிற்று. திரையில் வட்டமடித்தேன், தலைகீழாகக்கூட ஒரு முறை நிறுத்தினேன். அந்தத் தெம்பில் பங்குனியில் மறுபடி கண்மாய்க்குப் போனேன். இந்த முறை நாற்பது விநாடி நின்றது. மூக்கு என் பக்கம் திரும்பியது, அதே தவறு, அதே புதர். செலவு ₹2,450.

அன்று இரவு மனச் சோர்வோடு சிமுலேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, விழுவதும் ஸ்பேஸ் பொத்தானை அழுத்துவதுமாக இருந்தேன். அழுத்தினால் உடைந்த ஹெலிகாப்டர் மாயமாகி, புதியது ஒன்று தரையில் வந்து நிற்கும். வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஆத்தா, "தம்பி, இப்ப விழுந்ததுக்கு எவ்வளவு?" என்று கேட்டார்கள். "இதுக்குக் காசு இல்லை ஆத்தா" என்றேன். "அப்ப எப்படிப்பா கையி பயப்படும்?" என்றார்கள். அவர்கள் கேலியாகத்தான் கேட்டார்கள். எனக்கோ அந்த மூன்று வாரமும் என்ன நடந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. பதினெட்டு மணி நேரத்தில் நான் கற்றது ஹெலிகாப்டரைக் காப்பாற்றுவதை அன்று. ஆபத்து வந்த கணத்தில் அதைக் கைவிட்டுவிட்டு ஸ்பேஸ் பொத்தானுக்குப் போவதைத்தான். மைதானத்திலும் என் கை அதைத்தான் செய்தது. அங்கே பொத்தான் இல்லை, அவ்வளவுதான்.

விமானப் பயிற்சிப் பொறியின் வரலாறும் விழுந்த கணக்கில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், தம் தந்தையின் ஆர்கன் இசைக்கருவித் தொழிற்சாலையில் இருந்த துருத்திகளையும் காற்றுக் குழாய்களையும் கொண்டு 1929இல் தரையிலேயே ஆடிச் சாயும் பயிற்சி விமானம் ஒன்றைச் செய்தார். பொருட்காட்சி விளையாட்டாகவே அதைப் பலர் பார்த்தனர். 1934இல் தபால் விமானங்களை ஓட்டும் பொறுப்பை ஏற்ற அந்நாட்டு ராணுவம், மோசமான வானிலையில் விமானிகள் பலரை இழந்த பிறகே அவரிடம் ஆறு பொறிகளை வாங்கியது. ஆர்மோனியத்தின் துருத்தியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் செய்தி நினைவுக்கு வரும்.

எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன காலத்துப் பேரேடு ஒன்று, பின்பாதி எழுதப்படாமல், பெட்டகத்தில் கிடந்தது. அதை எடுத்துக் கோடு போட்டேன். தேதி, பழகிய நிமிடம், ஹெலிகாப்டர் எந்தத் திசையை நோக்கி இருந்தபோது விழுந்தது, எப்படி விழுந்தது, மைதானமாக இருந்தால் என்னென்ன உடைந்திருக்கும், அதன் விலை. திரையில் ஒவ்வொரு முறை விழுந்ததும் ரேடியோவை மடியில் வைத்துவிட்டு, பேனாவை எடுத்து, ஒரு வரி எழுதி முடித்த பிறகே ஸ்பேஸ் பொத்தானைத் தொடுவது என்று விதித்துக்கொண்டேன். சாய்ந்து மெதுவாகத் தரையில் தட்டினால் பிளேடும் ஸ்பிண்டிலும். வால் முதலில் இடித்தால் குழாயும் வால் பிளேடும். உயரத்திலிருந்து வேகமாக வந்தால் ஏறத்தாழ எல்லாமே. ஹெலிகாப்டரைக் கழற்றிப் பூட்டிப் பழகியவருக்கு இதை மதிப்பிடுவது கடினமன்று.

முதல் இரவில் மட்டும் ₹31,000க்கு மேல் எழுதினேன். இரண்டாவது இரவில், எழுதுவதன் சலிப்புக்கு அஞ்சியே, கை ஹெலிகாப்டரைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. விழப்போகிறது என்று தெரிந்த பின்னும் எஞ்சியிருக்கும் அரை விநாடியில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. சமப்படுத்தி உயரத்தை ஏற்றலாம். அதற்கு வழியில்லாவிட்டால் குறைந்தபட்சம் திராட்டில் ஹோல்டு சுவிட்சைத் தட்டலாம். இந்தச் சுவிட்ச் மோட்டாரை மட்டும் நிறுத்தும். விழுந்த பிறகும் மோட்டார் சுற்ற முயன்றுகொண்டிருந்தால் மெயின் கியரின் பற்கள் மழுங்கி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் கருகிப்போகலாம். சிமுலேட்டரில் இந்தச் சுவிட்சுக்கு வேலையே இல்லை என்று பலர் அதை இணைப்பதே இல்லை. நான் இணைத்தேன், ஹோல்டு தட்டாமல் விழுந்தால் கணக்கில் மெயின் கியருக்கு ₹350 கூடுதலாக எழுதினேன். ஒரு மாதத்தில் அந்த விரல் தானாகப் போகத் தொடங்கிவிட்டது.

சித்திரை முடிவில், கடையில் ஐந்தொகை எடுப்பதுபோல, அந்தப் பேரேட்டையும் உட்கார்ந்து தொகுத்தேன். நான் நினைத்தது வேறு, ஏடு சொன்னது வேறு. மூக்கு என்னைப் பார்க்கும் நிலைதான் என் எதிரி என்று நினைத்திருந்தேன். நேராக என்னைப் பார்க்கும்போது விழுந்ததைவிட, இடப்பக்கமும் என் பக்கமுமாகக் கோணலாக, ஏறத்தாழ 45 பாகையில் நிற்கும்போது விழுந்ததே மிகுதியாக இருந்தது. வலப்பக்கக் கோணலில் பாதிகூட இல்லை. எந்த நிலையிலும் நான் கை நடுங்காமல் இருப்பது வலப்பக்கம் என்பதால், என்னையறியாமல் ஹெலிகாப்டரை அந்தப் பக்கமே திருப்பித் திருப்பிப் பழகியிருக்கிறேன். இன்னொன்று, ஒரே அமர்வில் இருபது நிமிடம் தாண்டிய பிறகு விழுந்தவை, அதற்கு முன் விழுந்தவற்றைவிட எப்போதும் அதிகம். அதன் பிறகு இரவில் ஒரு மணி நேரம் என்பதை விட்டு, காலையில் இருபதும் மாலையில் இருபதுமாகப் பிரித்துக்கொண்டேன்.

பழகிய வரிசையும் மாறியது. வால் என் பக்கம் இருக்கும்படி அசையாமல் நிறுத்துவதில் தொடங்கி, எட்டுத் திசைகளிலும் ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் நிற்கவேண்டும். விழுந்தால் அந்தத் திசை மறுநாளைக்கும் உண்டு. மூக்கு நம்மைப் பார்க்கும் நிலையில் இடம் வலம் மாறிப்போவதற்கு, "ஹெலிகாப்டருக்குள் நாமே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்" என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது ஒருநாளும் கைகொடுக்கவில்லை. நினைத்து முடிப்பதற்குள் அது புதருக்குள் போயிருக்கும். எனக்குக் கைகொடுத்தது வண்டிக்கு முட்டுக் கொடுக்கும் பழக்கம். மாட்டுவண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் கட்டையைக் கொண்டுபோய் வைப்போம். மூக்கு நம்மைப் பார்க்கும்போது, ஹெலிகாப்டர் நம் வலப்பக்கம் சாய்ந்து நகர்ந்தால் ஸ்டிக்கும் வலப்பக்கம். இடப்பக்கம் நகர்ந்தால் இடப்பக்கம். நம்மை நோக்கி வந்தால் ஸ்டிக்கை நம்மை நோக்கி இழுக்க வேண்டும். கடைசிச் செய்தி மைதானத்தில் உயிர்ச் செய்தி, ஏனென்றால் நம்மை நோக்கி வரும்போது கை பயத்தில் அதைத் தள்ளிவிடத்தான் பார்க்கும், தள்ளினால் அது இன்னும் வேகமாக வரும்.

எதிர்வீட்டுப் பையன் ஒருவன், பதினோராம் வகுப்பு, கணினி விளையாட்டில் தேர்ந்தவன், என் ரேடியோவில் ஒரே மாதத்தில் திரையில் தலைகீழாகவும் குறுக்காகவும் சுழற்றிக் காட்டினான். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அவனைக் கண்மாய்க்கு அழைத்துப்போய், பயிற்சிக்கென்று இரண்டு குச்சிகளைக் குறுக்காகக் கட்டி முனைகளில் பிளாஸ்டிக் பந்து செருகிய ஹெலிகாப்டரைக் கையில் கொடுத்தபோது, முப்பது விநாடி அதை ஓரிடத்தில் நிறுத்த முடியவில்லை. "மாமா, இது ஏன் சும்மா நிக்க மாட்டேங்குது?" என்று கேட்டான். சிமுலேட்டரில் அவன் ஒருநாளும் சும்மா நிறுத்திப் பார்த்ததில்லை. ஹெலிகாப்டர் தானாக நிற்காது. நிற்கவைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வேகமாகப் பறக்கும்போது அதன் தவறுகள் வேகத்தில் மறைந்துபோகும்.

சிமுலேட்டர் எவற்றைச் சொல்லித்தருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காற்று முதலில். என் மென்பொருளில் காற்று இயல்பாகச் சுழியமாகவே இருக்கும். நாமாக ஏற்றினால்தான் உண்டு. ஆடியில் எங்கள் பக்கம் அடிக்கும் மேல்காற்றில் 450 ஹெலிகாப்டரை வெளியே எடுப்பது வீண்வேலை. ஆகவே அந்த மாதம் முழுவதும் சிமுலேட்டரில் மணிக்கு 15 கிலோமீட்டர் காற்றும் இடையிடையே வீச்சும் வைத்து, நான்கு பக்கத்திலிருந்தும் மாற்றி மாற்றிப் பழகினேன். அடுத்து, தரை. திரையில் தரை தட்டையாக, சாந்து பூசியதுபோல இருக்கும். வெடித்துக் கிடக்கும் கண்மாய் மண்ணில் ஒரு கால் கட்டியில் தட்டிக்கொண்டால், எழும்பும் விசை ஹெலிகாப்டரை அந்தக் காலைச் சுற்றியே புரட்டிவிடும். அதனால் ஆத்தங்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் ஒதுக்கிய பலகை ஒன்றை வாங்கிப்போய் அதன் மேலிருந்தே எழுப்புகிறேன். பேட்டரியும் அப்படித்தான்: நான் வைத்திருக்கும் மென்பொருளில் அது தீர்வதே இல்லை. மைதானத்தில் ஐந்தாவது நிமிடத்தில் கலெக்டிவ் தளர்வதை உணரலாம். ரேடியோவின் கடிகாரத்தை மைதானத்துக்கு வைப்பதுபோலவே சிமுலேட்டருக்கும் நாலரை நிமிடத்துக்கு வைத்து, மணி அடித்தவுடன் எந்த வேடிக்கையில் இருந்தாலும் வந்து இறங்குவது என்று பழக்கிக்கொண்டேன்.

அதைவிடப் பெரியது, அச்சம். 450 ஹெலிகாப்டரின் மேல் ரோட்டார் நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றும்போது பிளேடின் முனை மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. முதன்முறை அதன் ஓசையைப் பக்கத்தில் நின்று கேட்டால் கை நடுங்கத்தான் செய்யும், நடுங்குவது நல்லதும்கூட. திரையில் ஹெலிகாப்டர் முகத்தருகே வந்தாலும் நாம் அசையமாட்டோம். ஆகவே சிமுலேட்டரிலும் எனக்கு முன்னால் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, அதைத் தாண்டி என் பக்கம் வந்தால் விழாவிட்டாலும் விழுந்ததாகவே எழுதினேன். பார்வையையும் எப்போதும் தரையில் நிற்பவனின் பார்வையாகவே வைக்க வேண்டும்; ஹெலிகாப்டரின் பின்னாலேயே ஓடும் பார்வையில் பழகினால் திசைக் குழப்பம் என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் போய்விடும்.

எங்கே பறக்கவிடுவது என்று கேட்பவர்களுக்கு இடையே ஒரு குறிப்பு. விமானம் எங்கள் பக்கத்துக்குப் புதிதன்று. காரைக்குடிக்குக் கல்லூரிகள் தந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தை நடத்தியவர். இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம் ஒன்றும் செட்டிநாட்டில் இன்று ஓய்ந்து கிடக்கிறது. அது அரசு நிலம். அங்கே போய் நிற்கக் கூடாது. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள், மாதிரி விமானங்களையும் உள்ளடக்கியவை என்பதால், அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் இடம் பறக்க அனுமதியுள்ள பச்சைப் பகுதியா என்று பார்த்து, பதிவு குறித்த விதிகளையும் படித்து, ஆடு மேய்ப்பவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வீடுகளுக்கு அப்பால் தனி நிலத்தில் நிற்பதே முறை.

ஆவணி முதல் ஞாயிறு, காற்று தணிந்த விடியலில், மூன்றாவது முறையாக எழுப்பினேன். முதல் பேட்டரி முழுவதும் வால் என் பக்கமே. இரண்டாவதில் மெல்லத் திருப்பினேன். மூக்கு என்னைப் பார்த்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஹெலிகாப்டர் இடப்பக்கம் நகர்ந்தது. நான் ஒன்றும் நினைக்கவில்லை, கை இடப்பக்கம் போயிற்று, நின்றது. அன்று செலவு எழுதவில்லை. அதன் பின் இந்த இரண்டரை ஆண்டில் மைதானத்தில் விழுந்தது ஐந்து முறை, மொத்தம் ₹8,900. பேரேட்டின் சிமுலேட்டர் பகுதியில் ₹4,00,000ஐத் தாண்டிவிட்டது.

இப்போது பழகுவது ஆட்டோரோட்டேஷன். திராட்டில் ஹோல்டு சுவிட்சால் மோட்டாரை உயரத்திலேயே நிறுத்தி, கலெக்டிவைத் தாழ்த்தி, இறங்கும்போது கீழிருந்து மேலேறும் காற்றாலேயே ரோட்டாரைச் சுழலவிட்டு, தரைக்கு அருகில் மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொன்று, சேமித்த சுழற்சியைக் கடைசி நொடியில் செலவழித்து இறங்குவது. சிமுலேட்டரில் பெரிய 700 வகையில் பத்துக்கு எட்டு முறை ஒழுங்காக இறங்குகிறேன். பிளேடு கனமாக இருப்பதால் சுழற்சி கையிருப்பு அதிகம். 450க்கு மாற்றினால் பத்துக்கு நாலுதான். பிளேடின் எடை குறைவு, கையிருப்பும் குறைவு. ஒரு கணம் முந்தினாலும் பிந்தினாலும் செலவழிக்க ஒன்றும் இருக்காது. பத்துக்கு ஏழு வரும்வரை மைதானத்தில் அந்தச் சுவிட்சைத் தட்டுவதில்லை என்று பேரேட்டின் மேல்விளிம்பில் எழுதிவைத்திருக்கிறேன். ஐப்பசி மழை தொடங்கிவிட்டதால் கண்மாயில் தண்ணீர் நிற்கிறது, தையில் வற்றும். அதற்குள் வந்துசேரும்படி பிளேடு இரண்டு ஜோடிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.